பசை இறுகும்வரை பொறுத்திருப்போம்



காவிரிப் படுகையில் கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்குக் கண்ணாடி உடைவது புதிய செய்தி அன்று. அறுவடை நாள்களில் கேஜ் வீல் மாட்டிய டிராக்டர்கள் தார்ச்சாலையைக் கீறிச் செல்கின்றன. அவ்வாறு பெயர்ந்த சல்லி, பின்வரும் லாரியின் சக்கரத்தில் மிதிபட்டுத் தெறிக்கின்றது. வெயிலுக்கு அஞ்சித் தென்னை நிழலில் நிறுத்திய வண்டியின் மேல் காய்ந்த மட்டை வீழ்கின்றது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் சாய்ந்த தென்னைகளை நாம் மறக்கவில்லை. அன்று மரம் வீட்டுக் கூரையென்றும் வாசலில் நின்ற வண்டியென்றும் பார்த்து விழவில்லை.

உடைந்த கண்ணாடியைக் கூட்டி அள்ளிவிடலாம். புதியதை மாட்டுவது எங்ஙனம் என்பதே கேள்வி. அதிலும், ஏற்றி இறக்கும் கதவுக் கண்ணாடியன்றி, பசை கொண்டு வண்டியின் உடலோடு ஒட்டப்பட்ட கண்ணாடியை வீட்டிலேயே மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. கையில் தொழில் வல்லமையும், செலவைக் குறைக்கும் கட்டாயமும் உள்ள குடும்பங்களில் இக்கேள்வி எழுவது இயல்பே. ‘முடியும்’ என்றோ ‘முடியாது’ என்றோ ஒரே சொல்லில் விடை கூறுதல் பொருந்தாது. எந்தக் கண்ணாடி என்பதையும், எவ்வளவு பொறுமை நம்மிடம் உண்டு என்பதையும் பொறுத்ததே விடை.

ரப்பர் பிடித்ததும் பசை பிடிப்பதும்

2014 வரை உற்பத்தியான அம்பாசடர் காரை நினைவில் கொள்வோம். அதன் முன்கண்ணாடியைத் தாங்கியது ரப்பர் சட்டம். பழைய மெக்கானிக்குகள் அதை மாட்டும் விதம் காண இனியது. கண்ணாடியைச் சுற்றி ரப்பரைப் பொருத்தி, அதன் பள்ளத்தில் ஒரு மெல்லிய கயிற்றைச் சுற்றிலும் பதிப்பர். ஒருவர் வெளியிலிருந்து கண்ணாடியை அழுத்த, மற்றவர் உள்ளேயிருந்து கயிற்றை மெல்ல இழுப்பார். இழுக்க இழுக்க ரப்பரின் உதடு தகர விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து கவ்வும். சோப்புத் தண்ணீரும் கயிறும் இரண்டு பேரின் கையிசைவும் இருந்தால் வேலை முடிந்தது. பிழை நேர்ந்தால் கழற்றி மீண்டும் மாட்டலாம். அக்கண்ணாடி வண்டிக்கு ஒரு பலகணியே அன்றி, வண்டியின் எலும்பு அன்று.

இக்காலக் கார்களில் நிலை வேறு. முன்கண்ணாடியும், பின்கண்ணாடியும், பல வண்டிகளில் கடைசி இருக்கையை ஒட்டியுள்ள திறவாத பக்கக் கண்ணாடியும் பாலியூரித்தேன் என்னும் கரும்பசையால் தகர விளிம்போடு ஒட்டப்படுகின்றன. பாலியூரித்தேன் வேதியியலை 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயரும் அவர் குழுவினரும் கண்டனர். இன்று மெத்தை, காலணி, வர்ணம் எனப் பலவாக வீட்டுக்குள் வந்துவிட்ட அப்பொருளின் ஒரு வடிவமே காரின் கண்ணாடியையும் பிடிக்கின்றது. இறுகிய பின் கண்ணாடியும் தகரமும் ஒரே உடலாகி, வண்டியின் கூடு வளையாமல் காக்கின்றன.

கண்ணாடியும் இரு வகை

பசையைப் பற்றி அறியுமுன் கண்ணாடியைப் பற்றி அறிதல் நன்று. முன்கண்ணாடி அடுக்குக் கண்ணாடி; பட்டறையில் ‘லேமினேட்டட்’ என்பர். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒன்று ஒட்டியிருக்கும். பிரெஞ்சு வேதியியலார் எடுவார் பெனெடிக்டஸ் 1903இல் தம் ஆய்வுக்கூடத்தில் கீழே விழுந்த குடுவை விரிசல் கண்டும் சிதறாதிருந்ததைக் கவனித்தார் என்பர். உள்ளே காய்ந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலமே துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. 1909இல் அவர் காப்புரிமை பெற்றார். அடுக்குக் கண்ணாடி சிலந்தி வலை போல விரியுமேயன்றி எளிதில் உதிராது.

பக்கக் கண்ணாடிகளில் பெரும்பாலானவை ‘டஃபண்டு’ எனப்படும் கடினமூட்டிய கண்ணாடி. அதனை அறுநூறு பாகைக்கு மேல் சூடேற்றி, காற்றை வேகமாகப் பாய்ச்சிச் சட்டெனக் குளிரச் செய்வர். இதனால் மேற்பரப்பு இறுகி, உட்புறம் விறைத்து நிற்கும். ஒரு முனையில் அடி ஆழமாகப் பட்டால் முழுவதும் ஒரே நொடியில் கற்கண்டுத் துண்டுகள் போல உதிர்ந்துவிடும். கத்திபோன்ற நீண்ட சில்லுகள் இல்லாததே அதன் நன்மை.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆவது விதி, வாகனங்களில் பாதுகாப்புக் கண்ணாடியே இருத்தல் வேண்டும் என்றும், முன்கண்ணாடி அடுக்குக் கண்ணாடியாக இருத்தல் வேண்டும் என்றும் வகுக்கின்றது. முன்னும் பின்னும் உள்ள கண்ணாடி 70 விழுக்காடும், பக்கக் கண்ணாடி 50 விழுக்காடும் ஒளியை உள்ளே விடுதல் வேண்டும். ஆதலின் புதிய கண்ணாடி வாங்கும்போது அதன் மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பொறித்திருக்கின்றதா என்று பார்த்து வாங்குக. நம் மாநிலத்தின் ஸ்ரீபெரும்புதூரிலேயே 2000ஆம் ஆண்டு முதல் மிதவைக் கண்ணாடி உருவாகி வருகின்றது. நல்ல கண்ணாடி கிட்டாத ஊரன்று நம் ஊர்.

எதை வீட்டில் செய்யலாம்? எதைச் செய்யலாகாது?

முன்கண்ணாடியை வீட்டில் மாற்ற முற்படாதிருத்தலே நன்று. காரணம் மூன்று. முதலாவது, வண்டி கவிழுமாயின் கூரையின் பாரத்தில் ஒரு பங்கை ஒட்டிய முன்கண்ணாடியும் தாங்குகின்றது. உள்ளிருப்பவர் வெளியே வீசப்படாமலும் காக்கின்றது. இரண்டாவது, காற்றுப்பை. புதிய வகைக் கார்களில் ஓட்டுநர் அருகே அமர்வோருக்கும் காற்றுப்பை இருத்தல் வேண்டும் என்னும் விதி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பல வண்டிகளில் அப்பை மேல்நோக்கி விரிந்து, முன்கண்ணாடியில் சாய்ந்துதான் மனிதரை நோக்கித் திரும்புகின்றது. கண்ணாடி பிடிப்பின்றிப் பிய்த்துக்கொண்டு போனால், பையும் தன் முதுகுச் சுவரை இழந்துவிடும். மூன்றாவது, சில புதிய வண்டிகளில் முன்கண்ணாடியின் பின்னே கேமரா ஒன்று சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றது. கண்ணாடி மாறினால் அதன் பார்வையைக் கருவி கொண்டு மீண்டும் நேர்படுத்த வேண்டும். இவை வீட்டு முற்றத்தில் ஆகாத வேலைகள்.

ஏழு பேர் அமரும் கார்களில் கடைசி இருக்கையின் இருபுறமும் உள்ள சிறிய, திறவாத பக்கக் கண்ணாடி வேறு. அது டஃபண்டு வகையாதலின், உடைந்ததும் பெரும்பாலும் தானே உதிர்ந்துவிடும். கம்பி கொண்டு அறுத்துப் பெயர்க்கும் கடின வேலை மிகக் குறைவு. அளவு சிறிது; எடை குறைவு; இருவர் கையில் அடங்கும். அதனை வீட்டில் செய்யத் துணிபவரைத் தடுப்பதற்கில்லை. எனினும் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். அக்கண்ணாடிக்கு அருகே அமர்பவர்கள் பெரும்பாலும் குழந்தைகள். பெரியவர்கள் நடு இருக்கையில் அமர, பிள்ளைகளைத்தானே நாம் கடைசிக்கு அனுப்புகின்றோம்!

இறங்குமுன் இன்னொன்று. காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருப்பின் கண்ணாடிக்குப் பணம் வராது. வண்டிச் சேதத்துக்கும் சேர்த்துப் பெற்றிருந்தால் வரும். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானமாக 50 விழுக்காடு கழிப்பவர்கள், கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை. 1500 சி.சி. வரையிலான கார்களுக்கு 1000 ரூபாயும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 2000 ரூபாயும் நாமே ஏற்க வேண்டும். ஆனால் உரிமை கோராத ஆண்டுகளுக்காக 20 முதல் 50 விழுக்காடு வரை கிடைத்துவந்த கழிவு, கோரினால் போய்விடக்கூடும். சிறிய கண்ணாடிக்கு அது நட்டமாகலாம். இரண்டையும் காகிதத்தில் கணக்கிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். கோருவதாயின் சில்லுகளை அள்ளுமுன் படம் எடுத்து, காப்பீட்டாரிடம் தெரிவித்த பின்னரே கை வையுங்கள்.

ஆயத்தமே பாதி வேலை

தஞ்சாவூர் ஓவியம் தீட்டுவோரை நாம் அறிவோம். பொன் தகடும் கண்ணாடிக் கற்களும் மின்னும் அப்படங்களைக் காண்போர் வியப்பது மேற்பரப்பைத்தான். ஆனால் ஓவியர் தம் நாள்களில் பலவற்றைச் செலவிடுவது அடிப்பலகையில். பலகையின்மேல் துணியை ஒட்டி, சுண்ணப்பொடியைப் பசையோடு குழைத்துப் பூசி, காயவிட்டு, தேய்த்து, வழவழப்பாக்கிய பின்னரே கல்லையும் பொன்னையும் பதிப்பர். அடி கெட்டால் மேலே ஒட்டியது உதிரும் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாய்க் கற்ற பாடம். கார்க் கண்ணாடிக்கும் இதுவே பாடம். ஒட்டும் நேரம் பத்து நிமிடம், ஆயத்தம் அரைநாள்.

வேண்டிய பொருள்களை முதலில் சேர்த்துக்கொள்க. வண்டியின் மாதிரியும் ஆண்டும் சேசிஸ் எண்ணும் சொல்லி வாங்கிய கண்ணாடி, கண்ணாடி ஒட்டுவதற்கெனவே விற்கும் பாலியூரித்தேன் பசைக்குழல், அதே நிறுவனத்தின் கண்ணாடிப் பிரைமர், தகரத்தில் கீறல் விழுந்தால் பூசும் பிரைமர், பசைத் துப்பாக்கி, கூரிய கத்தி, தடித்த தோல் கையுறையும் மெல்லிய ரப்பர் கையுறையும், கண் காக்கும் கண்ணாடி, நூல் உதிராத துணி, வர்ணம் பூசுவோர் ஒட்டும் காகித நாடா. பசைக்குழலில் அச்சிட்டுள்ள காலாவதித் தேதியைப் பாராமல் வாங்கவே கூடாது. வெயிலில் காய்ந்த கடைமுகப்பில் கிடந்த குழலும் வேண்டா.

இங்கே ஓர் எச்சரிக்கை. குளியலறைக்கும் மீன்தொட்டிக்கும் பூசும் சிலிக்கானைக் கொண்டு கார்க் கண்ணாடியை ஒட்டுவோர் உளர். விலை குறைவு, கடைதோறும் கிட்டும், தண்ணீரும் ஒழுகாது. ஆயினும் அது பாரத்தைத் தாங்கும் பசையன்று. காடி மணம் வீசும் சிலிக்கான் வகை இறுகும்போது அமிலம் கசிந்து தகரத்தையும் அரிக்கும். அன்றியும், சிலிக்கான் பட்ட இடத்தில் பின்னர் வேறு எந்தப் பசையும் பிடிப்பது அரிது. வெளிப்பார்வைக்கு இரண்டும் கருங்கோடுகளே. மோதும் நாளில்தான் வேற்றுமை தெரியும்; தெரிந்து பயனிராது.

சில்லுகளை அள்ளும்போது குழந்தைகளை அருகே விடாதீர்கள். தோல் கையுறை அணிந்து பெரியவற்றைப் பொறுக்கி, மீதியை உறிஞ்சும் இயந்திரத்தால் எடுங்கள். இருக்கையின் மடிப்பிலும், இருக்கைப் பட்டையின் கொக்கியிலும், குழந்தை இருக்கையின் மெத்தையிலும் துண்டுகள் பதுங்கியிருக்கும். உள்பக்க அட்டையைக் கழற்றுமுன், அத்தூணில் எஸ்.ஆர்.எஸ். என்ற எழுத்துகள் உள்ளனவா என்று பாருங்கள். இருந்தால் அங்கே திரைக் காற்றுப்பை மடிந்திருக்கின்றது. அவ்வண்டியை அறிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுதல் மேல்.

வேலையின் ஒழுங்கு

தகர விளிம்பில் பழைய பசை சுற்றிலும் ஒட்டியிருக்கும். அதனை முற்றிலும் சுரண்டி எடுத்துத் தகரத்தைப் பளிச்சென்று காட்டுவதே சுத்தம் என்று எண்ணுதல் இயல்பு. உண்மை நேர்மாறானது. ஆலையில் ஒட்டிய பழைய பசை தகரத்தை விடாமல் பிடித்திருக்கின்றது. அதனை ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குச் சீராகச் சீவி விட்டுவிட வேண்டும். புதிய பாலியூரித்தேன் மிக நன்றாகப் பற்றுவது, புதிதாகச் சீவிய பழைய பாலியூரித்தேனையே. சீவிய பின் அதைக் கையால் தொடலாகாது. தண்ணீரோ எண்ணெயோ படலாகாது. தலைக்கு எண்ணெய் தேய்த்த கை அறியாமல் பட்டாலும் போதும், அந்த இடத்தில் பசை பிடிக்காது.

கத்தி வழுக்கித் தகரத்தில் கீறல் விழுந்தால், உடனே அதற்குரிய பிரைமரைப் பூசி உலரவிடுக. துரு கண்டால் அதனைக் கடந்து செல்லக் கூடாது. துருவின்மேல் ஒட்டிய பசை துருவைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், தகரத்தை அன்று. உப்புத் தாளால் துரு நீங்கும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பிரைமர் பூசி, முழுதும் உலர்ந்த பின்னரே மேலே செல்லலாம். விரலால் அழுத்தினால் தகரம் உதிர்கின்றதென்றால், டிங்கரிங் பட்டறைக்கு முதலில் போக வேண்டும். நாகை, வேளாங்கண்ணிக் கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டிகளில் இதனைச் சிறப்பாகக் கவனிக்க.

அடுத்து, பசையின்றியே புதிய கண்ணாடியை ஒருமுறை வைத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் இடைவெளி சமமாக வரும் நிலையில், கண்ணாடியிலிருந்து வண்டியின் உடல் வரை காகித நாடாவை ஒட்டி, இரண்டும் கூடும் இடத்தில் வெட்டிவிடுக. பசை பூசிய பின் நாடாவின் இரு துண்டுகளும் நேர் நேராகச் சேர்ந்தால் கண்ணாடி தன் இடத்தில் அமர்ந்தது என்று பொருள். உள்ளே அமர்ந்து இடைவெளியைப் பார்த்துச் சொல்ல இல்லத்தரசியோ மூத்த பிள்ளையோ துணையிருப்பின் வேலை எளிதாகும்.

கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புப் பட்டை ஒன்று உண்டு. அழகுக்காக என்று பலரும் நினைப்பர். கண்ணாடியோடு சேர்த்துச் சுட்டெடுத்த அப்பீங்கான் பூச்சு, வெயிலின் புறஊதாக் கதிர் பசையைத் தாக்காமல் மறைக்கின்றது. சித்திரை வெயிலில் நாள் முழுதும் நிற்கும் வண்டிக்கு அது எத்துணை தேவை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அப்பட்டையின் உட்புறத்தைக் கண்ணாடி துடைக்கும் நீர்மத்தால் துடைத்து, பிரைமரை ஒரே சீராக ஒருமுறை பூசி, குழலில் குறித்துள்ள நேரம் உலரவிடுக. பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கொண்டு துடைத்தல் கூடாது. அவை கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும்.

பசைக்குழலின் மூக்கை ‘வி’ வடிவில் வெட்டுக. அப்போது பசை முக்கோண வரம்பாக வெளிவரும். அடியில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர், உயரம் 12 மில்லிமீட்டர் என்பது பொதுவான அளவு. வயலின் வரப்பை எண்ணிக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் உடைப்பு இருந்தால் வயல் நீர் முழுதும் அவ்வழியே போகும். பசை வரம்பும் அத்தகையதே. சுற்றிலும் அறுபடாமல் ஒரே ஓட்டமாக இட்டு, தொடங்கிய இடத்தை ஒன்றின்மேல் ஒன்றாகக் கடந்து முடிக்க வேண்டும். பின் இருவரும் கண்ணாடியை எடுத்து, நாடாக் குறிக்கு நேராக வைத்து, உள்ளங்கையால் சுற்றிலும் சமமாக அழுத்துக. ஓங்கித் தட்டுதல் ஆகாது. கீழே சரியாதபடி காகித நாடாவால் வண்டியோடு சேர்த்துப் பிடிப்புக் கொடுங்கள்.

இறுகாத பசையில் ஐசோசயனேட் என்னும் பொருள் உண்டு. அது மூச்சிரைப்பு உள்ளவர்களுக்குத் தீங்கு செய்யும். தோலிலும் ஒவ்வாமை தரும். ஆகவே ரப்பர் கையுறை அணிந்து, காற்றோட்டமான முற்றத்திலேயே வேலை செய்க. ஆஸ்துமா உள்ளவர்கள் விலகியிருப்பது நலம்.

நம் ஊர்க் காற்றும் இப்பசையும்

பசை உலர்கின்றது என்று நாம் பேச்சுவழக்கில் கூறினும், இப்பசை உலர்வதன்று. காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து, அதனோடு வேதிவினை புரிந்து இறுகுகின்றது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில், வாய்க்கால் நிறைந்து வயலெல்லாம் நீர் நிற்கும் நாளில், தஞ்சைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவா? ஆதலின் இங்கே பசையின் மேற்பரப்பு விரைவில் தோல் கட்டும். தோல் கட்டிய பசை கண்ணாடியை நனைத்துப் பிடிக்காது. பசை இட்டுவிட்டு, தேநீர் அருந்திவிட்டு வந்து கண்ணாடி வைக்கலாம் என்று எண்ணுதல் கூடாது. குழலில் கண்ட நேரத்துக்குள் வைத்துவிட வேண்டும்.

ஆனால் மேலே தோல் கட்டியது என்பதால் உள்ளே இறுகிவிட்டது என்று பொருளல்ல. ஈரம் வெளியிலிருந்து உள்ளே மெல்ல மெல்லத்தான் செல்லும். பொதுவாக ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் ஆழமே இறுகும் என்பர். அகன்ற வரம்பு அடிவரை இறுக நாள்கள் ஆகும். மீதமிருந்த குழலை மறுநாள் எடுத்துப் பாருங்கள். மூக்கு கல்லாகியிருக்கும், உள்ளே பசை குழைவாகவே இருக்கும். கண்ணாடிக்கு அடியிலும் அதுவே நிலை.

காற்றில் ஈரம் வேண்டும் என்பதால் ஒட்டும் இடத்திலும் ஈரம் இருக்கலாம் என்று கொள்ளலாகாது. விளிம்பு எலும்பு போல உலர்ந்திருத்தல் வேண்டும். தூறல் நாளில் திறந்த வெளியில் இவ்வேலையைத் தொடங்க வேண்டா. கண்ணாடி வரும்வரை திறப்பை மூட உரச்சாக்கைக் கட்டுவோரைக் காண்கின்றோம். இரண்டொரு நாளுக்கு அது போதும்; வாரக்கணக்கில் அப்படியே ஓட்டினால் சாக்கின் மடிப்பில் தேங்கிய மழைநீர் தகர விளிம்பைத் துருவாக்கிவிடும். அதன்பின் மாற்ற வேண்டியது கண்ணாடி மட்டுமாக இராது.

‘மாலைக்குள் முடியுமா?’

கண்ணாடி அமர்ந்தாயிற்று. பார்வைக்கு வேலை முடிந்தது. வண்டியை எடுத்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். உண்மையில் மிகக் கடினமான வேலை இங்கேதான் தொடங்குகின்றது. அதுவே சும்மா இருத்தல்.

எவ்வளவு நேரம் கழித்து வண்டியை ஓட்டலாம் என்பது குழலில் அச்சிட்டிருக்கும். ஒரு மணி நேரத்தில் ஓட்டலாம் என்னும் விரைவு வகையும் உண்டு. பல மணி நேரம், ஒரு நாள் என்று கேட்கும் வகையும் உண்டு. எந்த வகை நம் கையில் உள்ளதோ, அதன் சொல்லுக்கு நாம் கட்டுப்பட வேண்டும். அதுவரை கதவை ஓங்கிச் சாத்தாதீர்கள். மூடிய வண்டியில் கதவைச் சாத்தினால் உள்ளே அடைபட்ட காற்று புதிய கண்ணாடியை வெளியே தள்ளும். எனவே வேறொரு கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கி வையுங்கள். ஓரிரு நாள்கள் பிடிப்பு நாடாவை எடுக்க வேண்டா. அழுத்தமான தண்ணீர்ப் பாய்ச்சலில் கழுவவும் வேண்டா. மேடுபள்ளமான வயற்சாலையில் ஓட்டவும் வேண்டா. முழுதும் இறுகிய பின் குவளையால் மெல்ல நீர் ஊற்றி, உள்ளே விரலால் தடவி ஒழுக்கு உண்டா என்று பாருங்கள்.

வீட்டில் செய்வோருக்கு மட்டும் நாம் இதனைச் சொல்லவில்லை. பட்டறையில் கொடுப்போருக்கே இது மிகுதியும் வேண்டும். வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்தில் ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைய அடுப்புக்கு இடர். பெண் பார்க்கச் செல்லும் வீட்டாருக்கு நாளை விடியலில் வண்டி வேண்டும். ‘மாலைக்குள் முடியுமா?’ என்று அவர்கள் கேட்பது நியாயமே. அவ்வாறு கேட்கும்போது பட்டறைக்காரர் படும் பாட்டையும் எண்ண வேண்டும். ‘முடியாது’ என்றால் வாடிக்கையாளர் பக்கத்துப் பட்டறைக்குப் போவார். ‘முடியும்’ என்றால் துருவைத் தேய்க்க நேரமில்லை, பிரைமர் உலர நேரமில்லை, பசை இறுகவும் நேரமில்லை. கண்ணாடி மட்டும் பளபளவென்று நிற்கும். அவசரப்படுபவருக்கு அவசர வேலையே கிட்டும். அதன் குறை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மறைந்திருக்கும்.

ஆகவே பட்டறையில் விடும்போது விலையை மட்டும் பேசாமல் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என்ன பசை பூசப் போகிறீர்கள்? பிரைமர் உண்டா? எத்தனை மணிக்கு ஓட்டலாம்? மூன்றாவது கேள்விக்கு ‘இப்போதே எடுத்துச் செல்லுங்கள்’ என்பவரிடம் பசைக்குழலைக் காட்டச் சொல்லிப் படித்துப் பாருங்கள். ‘நாளைக் காலை வாருங்கள்’ என்று சொல்லும் துணிவுள்ள மெக்கானிக் கிட்டினால், அவரைச் சோம்பேறி என்று எண்ணாதீர்கள். அவர் தம் வருவாயைத் தள்ளி வைத்து நம் பிள்ளைகளின் உயிரைக் கருதுகின்றார். அந்த ஒரு நாளுக்குப் பேருந்தில் செல்வோம். உறவினர் வண்டியைக் கேட்போம். பயணத்தையே ஒரு நாள் தள்ளிப்போடுவோம்.

ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணிச் சாலையெங்கும் குடும்பம் குடும்பமாய்க் கார்கள் செல்லும். கடைசி இருக்கைக் கண்ணாடியில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு உறங்கிவரும் குழந்தைகளை அவற்றுள் காணலாம். கண்ணாடி தங்களைத் தாங்கும் என்பதில் அக்குழந்தைகளுக்கு ஐயமே இல்லை. அந்நம்பிக்கைக்கு ஏற்றபடி அது பிடித்து நிற்க, உலர்ந்த விளிம்பும் உரிய பசையும் ஒரு நாள் பொறுமையும் போதும்.